குருவி பொறித்த லாக்கெட்

ஒரு பழைய லாக்கெட் கைக்கு வந்தால் நீங்கள் எல்லோரும் முதல் வேலையாக நகத்தைக் கொடுத்துத் திறந்துவிடுகிறீர்கள். சென்ற வாரம் உங்கள் நகைக் கடைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தபோது கவனித்தேன். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்பதில் அவ்வளவு அவசரம். முன்பக்கத்தில் எவனோ ஒருவன் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செதுக்கி வைத்திருப்பதை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அன்றைக்கு மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் வேலை பார்த்த கடை ரங்கூனில், மொகல் தெருவில் இருந்தது. வேலை முடிந்து சீமைக்குத் திரும்பும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் வீட்டுச் சாமான்களை ஏலத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். நாற்காலி, பியானோ, மான்தலை எல்லாவற்றோடும் அவர்களுடைய தாய்மாரும் பாட்டிமாரும் அணிந்த வெள்ளி நகைகள் சிறு பெட்டிகளில் வரும். விக்டோரியா ராணி காலத்து வெள்ளி. அவர்கள் வீட்டுப் பெண்களுக்கே அது பழைய மோஸ்தராகிவிட்டிருந்தது. நாங்கள் வாங்கி, பழுது பார்த்து, சிலவற்றை அப்படியே விற்போம். சிலவற்றைப் பர்மியப் பெண்களின் மேல்சட்டைக்குப் பொத்தான்களாக மாற்றிக் கொடுப்போம். ஏலத்துக்குப் போவதும், கடை வாசலில் வாடிக்கையாளரோடு பேசுவதும் என் வேலை.

அந்த வெள்ளியை முதன்முதலாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் ஒரு பெரணி இலை. அதன் ஒவ்வொரு பல்லிலும் நரம்பு. இன்னொன்றில் இரண்டு கைகள் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு கையின் மணிக்கட்டில் சரிகைக் கரை, மற்றதில் பொத்தான், அந்தப் பொத்தானில் துளை. தன் வாலைத் தானே கவ்விய பாம்பு ஒன்று வந்தது. முடிவில்லாத அன்புக்கு அடையாளமாம். நம் வீட்டுப் பெண்கள் அதைக் கழுத்தில் போடுவார்களா? ஆனாலும் அதன் செதில்களைப் பார்த்துவிட்டு நான் அதைக் கீழே வைக்க மனமில்லாமல் நின்றேன். அல்லாஹ்வே, மனிதக் கைக்கு இவ்வளவு பொறுமை உண்டா என்று தோன்றியது. உங்களுக்கு இன்னும் அப்படித் தோன்றவில்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள், தோன்றும். தோன்றவே இல்லையென்றால் அரிசி வியாபாரத்துக்குப் போய்விடுங்கள்.

அந்த உருவங்களுக்கெல்லாம் பொருள் உண்டு என்று ஏலக் கடையில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குமாஸ்தா எனக்குச் சொல்லிக் கொடுத்தார். சுவரைப் பற்றிப் படரும் ஐவிக் கொடி, விடாத அன்பு. ஐந்து இதழ்ச் சின்னப் பூ, என்னை மறக்காதே. வால் விரித்த கத்தரி மாதிரி பிளந்திருக்கும் தகைவிலான் குருவி, எவ்வளவு தூரம் போனாலும் அதே வீட்டு இறவானத்துக்குத் திரும்பி வரும் ஆளுக்கு. கிளைகள் தொங்கும் மரம், துணி போர்த்திய சாடி, கறுப்புப் பூச்சு, இவை மூன்றும் இறந்தவர்களுக்கு. கேட்டுத் தலையாட்டிக்கொண்டேன். எங்கள் கடையில் இந்தப் பாடம் விற்பனைக்குத்தான் பயன்பட்டது. பழுது பார்க்கும் அறைவரை அது போய்ச் சேரவில்லை.

பழுது பார்க்கும் அறையில் ஓர் ஆசாரி இருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு கப்பலேறி வந்தவர். பர்மி ஒரு வார்த்தை தெரியாது. என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர், ஆனால் பேச்சு அறுபது வயதுக்காரர் மாதிரி இருக்கும். நான் புதிதாக எதையாவது ஏலத்திலிருந்து கொண்டுவந்தால் நெருப்பு ஊதும் குழலைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு இரு கையாலும் வாங்குவார். ஐவி இலையைப் பார்த்துவிட்டு, இது என்ன கொடி, எங்கே வளரும், காய்க்குமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாத கொடியை இவ்வளவு நம்பும்படி ஒருத்தன் செதுக்கியிருக்கானே என்று சொல்லிச் சொல்லி வியந்தார். மாங்காயும் அன்னமும் செதுக்கிப் பழகிய கை அவருடையது. ஆனால் பொறாமை என்பது துளிகூடக் கிடையாது.

ஏலத்தில் வரும் லாக்கெட்டுகள் சிலவற்றில், பின்பக்கக் கண்ணாடிக்கு உள்ளே மனித முடி இருக்கும். வெள்ளைக்காரர்களுக்கு அது வழக்கம். இறந்துபோனவரின் முடியைப் பின்னி, நூல் கட்டி, நகைக்குள் வைத்துக்கொள்வார்கள். ஆனால் முடி இருக்கும் லாக்கெட்டை ரங்கூனில் யார் வாங்குவார்? முடி என்றால் இறந்தவர் முடி, எடுத்துவிட்டு விற்க வேண்டும் என்பதுதான் எங்கள் கடையில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். முதலாளி அதைக் குப்பையில் போடச் சொல்வார். ஆசாரி போடமாட்டார். வெற்றிலையில் மடித்து எடுத்துக்கொண்டு போய், மறுநாள் காலையில் ஆற்றில் குளிக்கும்போது பூவும் கொஞ்சம் பாலும் விட்டு ஆற்றோடு அனுப்பிவிடுவார். யாரோ பெற்ற பிள்ளை, நம்ம கைக்கு வந்து சேர்ந்துடுச்சு, ஒரு வழி பண்ணாம விடலாமா என்பார். ஊர் பெயர் தெரியாத அந்த ஆத்மாக்களுக்கெல்லாம் ரங்கூன் ஆற்றில் ஈமக்கடன் செய்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். நான் முஸ்லிம், அந்தச் சடங்கு எனக்கு உரியதல்ல. ஆனாலும் அவர் வெற்றிலையை மடிக்கும்போது நான் பேச்சை நிறுத்திவிடுவேன்.

இந்த நல்ல வழக்கம்தான் எங்களைக் கவிழ்த்தது.

மா தின் என்று ஒரு பர்மியப் பெண். மிங்கலா தாங்ஞுன்டில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் வீடு. மரக் கம்பெனியில் இருந்த ஒரு வெள்ளைக்காரரோடு சில வருஷம் குடும்பம் நடத்தியவள். அவர் வேலையை விட்டுச் சீமைக்குப் போகும்போது பெண் குழந்தையைப் படிக்க வைக்கிறேன் என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். தன் தாயாருடைய வெள்ளி லாக்கெட்டை இவளிடம் விட்டுப் போனார். கப்பல் ஏறும் நாளன்று மா தின் குழந்தையின் தலையிலிருந்து ஒரு சுருள் முடியைக் கத்தரித்து அதற்குள் வைத்துக்கொண்டாள். அவளிடம் மகளுடையது என்று மிஞ்சியிருந்தது அதுதான்.

இவ்வளவும் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். லாக்கெட்டின் கீல் உடைந்து அவள் கடைக்குக் கொண்டுவந்த அன்று நான் ஏலத்துக்குப் போயிருந்தேன். முதலாளியிடம் கொடுத்து, உள்ளே மகள் முடி இருக்கிறது, பத்திரம் என்று சொல்லியிருக்கிறாள். அவருக்கு அப்போது வேறு வாடிக்கையாளர் அவசரம். ஆசாரியிடம் லாக்கெட்டை நீட்டி, கீல் போயிடுச்சு, பாரு என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கீலைப் பற்றவைக்க நெருப்பில் காட்ட வேண்டும். கண்ணாடியைக் கழற்றினால் உள்ளே முடி. ஆசாரி வழக்கம்போல வெற்றிலையை எடுத்தார்.

வேலையைக் கொடுக்கும்போது வாடிக்கையாளர் சொன்ன சொல்லையும் சேர்த்துக் கொடுங்கள் என்று நான் ஏன் உங்களைப் பிடுங்கி எடுக்கிறேன் என்பது இப்போது புரிகிறதா?

அவள் திரும்ப வந்த காலையில் நான்தான் வாசலில் இருந்தேன். லாக்கெட்டை எடுத்துப் பட்டுத் துணியில் வைத்தேன். அப்போதுதான் நானே அதை முதன்முதலாகப் பார்க்கிறேன். விளிம்பு முழுக்க ஐவி இலை. நடுவில் ஒரு தகைவிலான் குருவி, சிறகை விரித்து, அலகில் அந்த ஐந்து இதழ்ப் பூவோடு. இறகுக்கு இறகு கோடு. பறந்து வந்த வேகத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த அதன் கழுத்தைச் செதுக்கியவன் கட்டாயம் ஒரு குருவியை நாள் முழுக்கப் பார்த்திருக்க வேண்டும். நான் சொக்கிப் போய் நின்றேன். மா தின் அதைத் திறக்காமல் விரலால் தடவிக்கொண்டே, மகளுக்கு இப்போது ஆங்கிலத்தில் பாட்டெல்லாம் தெரியுமாம் என்று பர்மியில் சொன்னாள். சிரித்துக்கொண்டே, அவள் முடி வெயிலில் பழுப்பாக மின்னும், உள்ளே இருக்கிறது பாருங்கள் என்றாள்.

பழுது அறைக்குள் போய் வந்த நகையில் முடி மிஞ்சியிருக்காது என்று எனக்குத் தெரியும். குருவியும் ஐவியும் இருக்கும் நகை. தொங்கும் மரம் இல்லை, சாடி இல்லை, கறுப்பு இல்லை. உயிரோடு இருப்பவருக்கு, திரும்பி வருபவருக்குச் செய்த நகை என்று முன்பக்கமே வாய்விட்டுச் சொல்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவன் ஏலத்துக்குப் போயிருந்தான். உள்ளே இருந்த ஆசாரி நேராகப் பின்பக்கத்தைத் திறந்துவிட்டார்.

கீலை இன்னொரு முறை பார்த்துவிடுகிறேன் என்று சொல்லி லாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். முதலாளியும் ஆசாரியும் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஆசாரி கையிலிருந்த சாமண இடுக்கி கீழே விழுந்தது. முதலாளி சாமர்த்தியசாலி, அவருக்கு உடனே வழி தோன்றிவிட்டது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு முடி வெட்டும் கடை அடுத்த தெருவில் இருக்கிறது, பழுப்பு முடி ஒரு சுருள் வாங்கி வைத்துவிடலாம், சாயங்காலம் வரச் சொல் என்றார். தாய்க்கு எப்படித் தெரியப் போகிறது? கடையின் பெயரும் போகாது, அவள் மனசும் நோகாது. நீங்கள் முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்த நேரத்தில் அது எனக்கு இரக்கமான யோசனையாகவே பட்டது. வெளியே அவள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆசாரி மட்டும் மறுத்துத் தலையை ஆட்டினார்.

"வேற பிள்ள முடிய வச்சுக்கிட்டு அந்தம்மா தன் பிள்ளைன்னு கும்பிடணுமா? வேணாம் பாய். நான் பேசறேன். நான் சொல்றத ஒண்ணு விடாம அந்தம்மாட்ட சொல்லுங்க."

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்பது எனக்குத் தெரியும். ஆசாரிக்குப் பர்மி தெரியாது. அவர் என்ன பேசினாலும் பர்மியில் வருவது என் வாயிலிருந்துதான். நான் வேறு எதையாவது சொன்னாலும் அங்கே கேட்பாரில்லை. வாசலுக்குப் போகும் அந்தச் சின்ன நடையில் என் நாக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்கே தெரியவில்லை. ஆசாரி அவள் முன்னால் போய்க் கைகூப்பி நின்று, நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் பர்மியில் சொன்னேன்.

மா தின் முதலில் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நான் நீட்டிய லாக்கெட்டை வாங்கித் திறந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் வெறும் வெள்ளி.

"என் மகள் உயிரோடு இருக்கிறாள்" என்றாள். "இவர் அவளைச் செத்தவளாக நினைத்து ஆற்றில் விட்டாரா?"

ஆமென்றேன். அவள் அழவில்லை. முடி போனதைவிட அந்தச் சடங்குதான் அவளைப் பயமுறுத்தியது என்று எனக்கு அப்போது தெரிந்தது. எத்தனையோ கடலுக்கு அப்பால் இருக்கும் பிள்ளைக்கு இங்கே ஒருவர் கடைசிக் கடன் செய்துவிட்டார். அது பிள்ளையைப் போய்த் தொட்டுவிட்டால்? இவளால் ஓடிப்போய்ப் பார்க்க முடியுமா? ஆசாரிக்கு அவள் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அவர் அவளை நேராகப் பார்த்துப் பேசினார்.

"எங்க ஊர்ல ஒருத்தர் செத்துட்டதா தப்பா சேதி வந்தா, அவங்களுக்கு ஆயுசு கெட்டிம்பாங்க. அத நம்பித்தான் நான் இப்ப நிக்கிறேன். வேற எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

இதையும் சொன்னேன். லாக்கெட்டை அப்படியே துணிமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

முதலாளி எங்கள் இருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டினார். அதில் நியாயமும் கொஞ்சம் இருந்தது, என்னவோ தன் பங்கை மட்டும் அவர் மறந்துவிட்டார். ஆசாரி வாசலில் போய் நின்றார். இந்த ஊர்க்காரர்கள் முடியை இப்படிப் பொத்திப் பொத்தி வைப்பதென்ன என்று மெதுவாகக் கேட்டார். நம் ஊரில் பிள்ளையின் முதல் முடியைக் குலதெய்வத்துக்கு இறக்கிவிட்டுத் திரும்பிப் பாராமல் வருகிறோமே என்றார். நான் வடக்கே கையைக் காட்டினேன். குன்றின் மேல் ஷ்வேடகோன் பகோடா வெயிலில் தகதகத்தது. அதற்கு அடியில் புத்தருடைய முடி இருக்கிறது, அதன்மேல்தான் அத்தனை பொன்னையும் ஏற்றியிருக்கிறார்கள் என்று சொன்னேன். தினம் காலையில் ஆற்றில் நின்றபடி அந்தப் பொன் சிகரத்தைப் பார்த்துக் கும்பிட்டவர் அவர். யார் கோயில் என்று கேட்டதில்லை, பெரிய சாமி என்று மட்டும் தெரியும். இப்போது அவர் அப்படியே நின்றுவிட்டார். இத்தனை நாளும் ஒரு முடியையா கும்பிட்டேன் என்று கேட்ட அவர் கண்ணில் நீர் நின்றது.

எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. எங்கள் வீடுகளில் பிள்ளை பிறந்த ஏழாம் நாள் தலைமுடியை இறக்கி, அதன் எடைக்கு எடை வெள்ளி நிறுத்து ஏழைகளுக்குக் கொடுப்போம் என்றேன். ஆறுதலுக்காக அல்ல, முடிப் பேச்சு வந்ததால் சொன்னேன், அவ்வளவுதான்.

"முடிக்கு வெள்ளியா?" என்று திரும்பினார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த சில நாட்கள் அவர் செய்ததை நான் பார்க்கக் கொடுத்து வைத்திருந்தேன். சுத்த வெள்ளிக் கம்பியை, துளைகள் போட்ட இரும்புப் பட்டை வழியாக இழுத்தார். பெரிய துளை, அதைவிடச் சிறியது, அதைவிடவும் சிறியது. இடையிடையே அனலில் காட்டி இளக வைத்தார். அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. கடைசித் துளையைத் தாண்டிய கம்பி என் உள்ளங்கையில் இருப்பதே தெரியவில்லை; மூச்சு விட்டால் பறந்தது. அதில் ஒரு பிடி சேர்த்து, சாமணத்தால் வளைத்து, ஒரு சுருளாக்கினார். அந்தக் குழந்தையின் முடியை அவர் பார்த்தது ஒரே ஒரு முறை, வெற்றிலையில் எடுத்து வைத்த நேரம். அது எங்கே வளைந்தது, நுனி எப்படி உள்நோக்கி மடங்கியது என்பது அவர் கண்ணில் அப்படியே தங்கியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பொருத்தியபோது நான் லாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குருவியைச் செதுக்கிய சீமைக்காரனும் இவரும் அந்த ஒரு நகைக்குள் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

முதலாளியே அசந்துவிட்டார். அசந்த கையோடு இன்னொரு யோசனையும் சொன்னார். கந்தகப் புகையில் காட்டினால் வெள்ளி பழுப்பாகும். பழுப்பாக்கிவிட்டால் அச்சு அசல் முடிதான், தேடி எடுத்துவிட்டோம் என்று சொல்லிக் கொடுத்துவிடலாம். அவர் சொன்னது உண்மை. நிறம் மட்டும் மாறியிருந்தால் எனக்கே அடையாளம் தெரிந்திருக்காது. ஆசாரி லாக்கெட்டை மூடி என் கையில் வைத்தார்.

"வெள்ளையாவே இருக்கட்டும். இது முடி இல்லேன்னு பாத்ததும் தெரியணும்."

நம் தொழிலில் ஒன்றைப்போல இன்னொன்றைச் செய்யும் திறமை கை வந்துவிடும். வரவர அது உங்களுக்கும் வரும். எந்த இடத்தில் அதை நிறுத்த வேண்டும் என்பது கையில் வருவதில்லை. அதை நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு நிமிஷத்தில்.

நானும் ஆசாரியும் மிங்கலா தாங்ஞுன்டுக்குப் போனோம். ரயில் போகும்போதெல்லாம் ஆடும் மரவீடு. மா தின் எங்களை உள்ளே கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நான் லாக்கெட்டை நீட்டி, இது மகளுடைய முடி அல்ல, இவர் கண்ணால் பார்த்த சுருள், வெள்ளியில் செய்திருக்கிறார், வேண்டாமென்றால் எடுத்துவிடுவார் என்று சொன்னேன். ஆசாரி படியிலேயே நின்றார். கைகூப்பக்கூட அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

அவள் திறந்தாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள். நுனி உள்ளே மடங்கியிருந்த இடத்தில் அவள் விரல் கண்ணாடிமேல் நின்றது. அது அவளுக்குத் தெரிந்த மடிப்பு. ஒரு ரயில் வந்து, வீடு ஆடி, ரயில் போய் முடிந்தது.

அந்த மகள் திரும்பி வந்தாளா என்று நீங்கள் என்னைக் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. ஜப்பான்காரன் சண்டையில் குண்டு விழுந்தபோது அந்தத் தெருவே கலைந்துபோனது. எனக்குத் தெரிந்தது அன்றைக்கு அந்த வாசலில் நடந்தது மட்டும்தான். மா தின் அந்த வெள்ளைச் சுருளைப் பார்த்துக்கொண்டே, ஆசாரி சொன்ன ஆயுசுப் பேச்சை ஞாபகம் வைத்திருந்தவளாக, அவருக்குச் சொல்லும்படி என்னிடம் பர்மியில் சொன்னாள்.

"என் மகள் கிழவியான பிறகு அவள் முடி இப்படித்தான் இருக்கும். அதைப் பார்க்க நான் இருக்கமாட்டேன். இவர் இப்போதே காட்டிவிட்டார் என்று சொல்லுங்கள்."

நான் அதைத் தமிழில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் லாக்கெட்டை மூடிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். குருவி வெளிப்பக்கம் பார்த்திருந்தது. ஆசாரி என் முகத்தைப் பார்த்தார், அவள் கழுத்தைப் பார்த்தார். நான் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது.